லேப்டாப் சார்ஜரிலேயே இருக்கட்டுமா, கழற்றிவிடலாமா?

லேப்டாப்பை எந்நேரமும் சார்ஜரில் போட்டே வைத்தால் பேட்டரி போய்விடும் என்பார் ஒருவர். கழற்றிக் கழற்றி மாட்டினால்தான் போகும் என்பார் பக்கத்தில் இருப்பவர். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்த வழக்கு தீராமல் இழுத்துக்கொண்டே போகிறது.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளக்கில் இருப்பதால் பேட்டரி கெடுவதில்லை. முழு சார்ஜில், சூட்டில், மாதக்கணக்கில் சும்மா கிடப்பதால் கெடுகிறது. மேசையை விட்டு நகராத லேப்டாப்பில் இவை எல்லாம் சேர்ந்தே நடப்பதால் பழி மொத்தமும் பிளக்கின் தலையில் விழுகிறது. இவற்றைத் தனித்தனியே பிரித்துவிட்டால் பிளக்கைத் தொடவே வேண்டியதில்லை. பெரும்பாலான லேப்டாப்களில் அதற்கு வழி இருக்கிறது. எங்கேயோ ஒரு மெனுவுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நம் முன் இருக்கும் வழிகள் இவை: 100 சதவீதத்திலேயே மாட்டி விட்டுவிடுவது, 80 அல்லது 60 சதவீதத்தில் நின்றுவிடும்படி வரம்பு வைத்து மாட்டி விடுவது, 20-க்கும் 80-க்கும் நடுவே கையாலேயே கழற்றி மாட்டிக்கொண்டிருப்பது, கணினியே பார்த்துக்கொள்ளட்டும் என்று தானியங்கி ஏற்பாட்டிடம் விட்டுவிடுவது, பேட்டரியையே கழற்றி வைத்துவிடுவது. ஒப்பிடுவதற்கு முன்னால் பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். அது தெரியாமல் பேசினால் ஆளுக்கொரு நம்பிக்கை என்றுதான் முடியும்.

பேட்டரிக்கு வயதாவது எப்படி

“முழுதாக இறக்கிவிட்டுத்தான் மறுபடி ஏற்ற வேண்டும்” என்ற அறிவுரையை இன்னும் கேட்கிறோம். அது நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்தது. 1991-ல் சோனி லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. போகப் போக லேப்டாப்கள் எல்லாம் அதற்கே மாறிவிட்டன. பழைய பேட்டரி போய்விட்டது, அதற்கான அறிவுரை மட்டும் போகவில்லை. லித்தியம் அயானுக்கு முழுதாக இறக்குவது நல்லதும் இல்லை, தேவையும் இல்லை.

லித்தியம் அயான் பேட்டரி இரண்டு விதமாகத் தேய்கிறது. ஒன்று, உழைப்பால் வரும் தேய்மானம்: சார்ஜ் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் லித்தியம் அயனிகள் கிராஃபைட்டால் ஆன எதிர்முனைக்குள் நுழைந்து வெளியேறுகின்றன, அந்தப் பொருள் கொஞ்சம் விரிந்து சுருங்குகிறது, காலப்போக்கில் நுண்ணிய விரிசல்கள் விடுகின்றன. மற்றது, வயதால் வரும் தேய்மானம்: பேட்டரியைத் தொடாமல் அலமாரியில் வைத்தாலும் இது நடக்கும். கிராஃபைட்டின் மேல் முதல் சார்ஜின்போதே ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. அது இல்லாவிட்டால் பேட்டரியே வேலை செய்யாது. ஆனால் அந்தப் படலம் அதோடு நிற்பதில்லை. மெதுவாகத் தடித்துக்கொண்டே போகிறது. தடிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக லித்தியத்தைத் தனக்குள் சிறைபிடித்துக்கொள்கிறது. சிறைபட்ட லித்தியம் இனி மின்சாரம் சுமக்காது. நமக்குத் தெரிவதெல்லாம், முன்பு 5 மணி நேரம் தாங்கியது இப்போது நாலு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்பதுதான்.

இந்த இரண்டாவது தேய்மானத்தை வேகப்படுத்துபவை இரண்டு. ஒன்று சூடு. மற்றது பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பது. சாதாரண லித்தியம் அயான் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட்டில் நிற்கும். மெல்லிய லேப்டாப்களில் இன்னும் கொஞ்சம் மேலேயும் போகும். அந்த உச்சியில் நேர்முனைப் பக்கம் மின்பகுதிரவம் (இரு முனைக்கும் நடுவே அயனிகள் நீந்தும் திரவம்) சிதைவதும், எதிர்முனைப் பக்கம் படலம் தடிப்பதும் வேகமாகின்றன. சிதைவில் வாயு வேறு உண்டாகிறது. பேட்டரி உப்புவது இந்த வாயுவால்தான்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. பேட்டரி யுனிவர்சிட்டி என்ற தளம் வெளியிட்டு, பலரும் எடுத்தாளும் மதிப்பீடு ஒன்று உண்டு. 25 டிகிரி செல்சியஸில் 40 சதவீத சார்ஜோடு ஓராண்டு வைத்திருந்த பேட்டரியில் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதே 25 டிகிரியில் முழு சார்ஜோடு வைத்திருந்தால் மிஞ்சுவது 80. சூடு 40 டிகிரி ஆனால், 40 சதவீத சார்ஜில் 85. முழு சார்ஜில் 65. எல்லாப் பேட்டரிக்கும் இதே எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனால் போக்கு இதுதான்: முழு சார்ஜும் சூடும் தனித்தனியே கெடுதல், சேர்ந்தால் பெருங்கெடுதல்.

“இது அலமாரியில் கிடக்கும் பேட்டரிக்குத்தானே, என் லேப்டாப் ஓடிக்கொண்டல்லவா இருக்கிறது” என்று கேட்கலாம். லேப்டாப் ஓடுகிறது, பேட்டரி ஓடவில்லை. பிளக்கில் இருக்கும்போது மின்சாரம் அடாப்டரிலிருந்து நேரே கணினிக்குப் போகிறது. பேட்டரி ஓரமாகக் கிடக்கிறது. அலமாரியில் கிடப்பதற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், பக்கத்திலேயே பிராசஸர் சூடேற்றிக்கொண்டிருக்கிறது என்பது.

100 சதவீதத்திலேயே விட்டுவிடுவது

முதலில் இதன் மேல் சுமத்தப்படும் ஒரு பொய்க் குற்றச்சாட்டை நீக்கிவிடலாம். ஏறி முடிந்த பிறகும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்து பேட்டரி “ஓவர்சார்ஜ்” ஆகிவிடும் என்ற பயம் தேவையில்லை. சார்ஜ் செய்யும் சில்லு முதலில் நிலையான மின்னோட்டத்தில் ஏற்றுகிறது. செல் உச்ச வோல்ட்டைத் தொட்டதும் வோல்ட்டை அங்கேயே பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது; ஒரு சிறு அளவுக்குக் கீழே வந்ததும் நிறுத்திவிடுகிறது. கடைசி 20 சதவீதம் ஆமை வேகத்தில் ஏறுவது இதனால்தான். பிறகு பேட்டரி தானாகக் கொஞ்சம் இறங்கும். பல லேப்டாப்களில் 95 அளவுக்கு இறங்கினால்தான் மறுபடி ஏற்றும். சார்ஜர் மாட்டியிருக்கிறது, 97 என்று காட்டுகிறது, “சார்ஜ் ஏறவில்லை” என்கிறது என்று பதறிப்போய்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. அது பழுது இல்லை.

ஆக ஓவர்சார்ஜ் இல்லை. உச்சியிலேயே கிடப்பதுதான் சிக்கல். அந்தச் சிக்கல் எவ்வளவு பெரியது என்பது சூட்டைப் பொறுத்தது. மின்னஞ்சல், எழுத்து வேலை, உலாவி என்று ஓட்டும் லேப்டாப், காற்றோட்டமான மேசையில், உள்ளங்கை வைக்கும் இடம் வெதுவெதுப்பாகக்கூட இல்லாமல் இருந்தால், 100-லேயே கிடந்தாலும் 3 ஆண்டு தள்ளிவிடலாம். பேக்கப் குறைந்திருக்கும், ஆனால் அதிர்ச்சி தரும் அளவுக்கு இருக்காது. அதே லேப்டாப்பில் வீடியோ எடிட்டிங்கோ கேமோ நாள் முழுக்க ஓடினால் கதையே வேறு. பேட்டரி பெரும்பாலும் உள்ளங்கை வைக்கும் பகுதிக்கு அடியில் இருக்கிறது. மேலே உள்ள சூடு உலோக உடல் வழியாக அங்கே இறங்கிவிடுகிறது. மூடியைச் சாத்தி வைத்து வெளியே ஒரு மானிட்டரில் வேலை பார்ப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சில மாடல்கள் விசைப்பலகை வழியாகவும் சூட்டை வெளியேற்றும். மூடினால் அந்த வழி அடைபடும்.

இந்த வழியின் நல்ல பக்கம், யோசிக்க எதுவுமே இல்லை. எந்த நொடியில் எடுத்துக்கொண்டு கிளம்பினாலும் முழு சார்ஜ் கையில் இருக்கும். தினமும் வெளியே போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அவர் லேப்டாப் உச்சியில் கிடப்பதும் இரவில் சில மணி நேரம்தான்.

“நான் ராத்திரி ஷட்டவுன் செய்து பிளக்கையும் பிடுங்கிவிடுகிறேனே” என்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 100-ல் பிடுங்கினால் பேட்டரி இரவு முழுக்க அதே 100-ல்தான் கிடக்கிறது. அணைத்திருப்பதால் சூடு இல்லை, அந்த அளவில் லாபம். பிளக்கைப் பிடுங்கியதால் லாபம் எதுவும் இல்லை.

வரம்பு வைத்து மாட்டி விடுவது

80 சதவீதம் ஏறியதும் நிறுத்திக்கொள் என்று லேப்டாப்பிடமே சொல்லிவிடுவது. பிளக் அப்படியே இருக்கும். கணினி அடாப்டரில் ஓடும். பேட்டரி 80-ல் ஓய்வெடுக்கும். சைக்கிளும் (முழுக் கொள்ளளவு ஒருமுறை இறங்கி ஏறினால் ஒரு சைக்கிள்) செலவாவதில்லை, உச்ச வோல்ட்டிலும் இல்லை. இரண்டு தேய்மானத்தையும் ஒரே அடியில் குறைக்கும் வழி இது ஒன்றுதான். மேசையில் வேலை பார்ப்பவருக்கு இதற்கு மேல் ஒரு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கே இருக்கிறது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. லெனோவோவில் வான்டேஜ் செயலிக்குள் கன்சர்வேஷன் மோட். மாடலைப் பொறுத்து 60 அருகிலோ 80 அருகிலோ நிறுத்தும். திங்க்பேட் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்: எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் ஏற்றத் தொடங்க வேண்டும், எத்தனையில் நிறுத்த வேண்டும் என்று இரண்டு எண்ணையும் அவர்களே வைத்துக்கொள்ளலாம். டெல்லில் பயாஸிலேயே (கணினியை இயக்கியதும், விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கக்கூடிய அமைப்புத் திரை) இருக்கிறது, ‘பிரைமரிலி ஏசி யூஸ்’ என்றும் ‘கஸ்டம்’ என்றும். எச்பியின் அலுவலக மாடல்களில் பயாஸுக்குள் பேட்டரி ஹெல்த் மேனேஜர். அதில் ‘மேக்சிமைஸ் மை பேட்டரி ஹெல்த்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் 80-ல் நிற்கும். ஆசுஸில் மைஆசுஸ் செயலிக்குள் 80 வரம்பு இருக்கிறது, சில பதிப்புகளில் 60-ம் உண்டு. ஏசரிலும் 80 வரம்பு உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் சர்ஃபேஸில் ஒரு படி மேலே போய், எப்போதும் மின் இணைப்பிலேயே இருக்கும் கருவிகளுக்கென்று 50-லேயே நிறுத்தும் வசதி வைத்திருக்கிறார்கள். லினக்ஸில் வன்பொருள் ஒத்துழைத்தால் டிஎல்பி என்ற கருவி வழியாக வரம்பு வைக்கலாம். லினக்ஸின் முகப்புகளில் ஒன்றான க்னோமில் 48-ஆம் பதிப்பிலிருந்து அமைப்புகள் பக்கத்திலேயே ஒரு பொத்தானாக வந்துவிட்டது.

இதை எதிர்ப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு, நல்ல கேள்விதான். “20 சதவீதம் போய்விடக் கூடாது என்பதற்காக, வாங்கிய அன்றைக்கே 20 சதவீதத்தை நானே விட்டுக்கொடுப்பதா?” தினமும் பேட்டரியில் ஓட்டுபவர் இப்படிக் கேட்டால் நியாயம். மாதத்தில் ஓரிரு நாள்தான் வெளியே எடுத்துப் போகிறார் என்றால் நியாயம் இல்லை. வரம்பால் ஒதுக்கிவைத்த 20 சதவீதத்தை, பயணத்துக்கு முந்தின இரவு ஒரு பொத்தானை அழுத்தித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தேய்ந்துபோன 20 சதவீதத்தை எந்தப் பொத்தானும் திருப்பித் தராது.

80-ஆ, 60-ஆ? வாரக்கணக்கில் நகரவே நகராது, மின்தடை வந்தால் வேலையைச் சேமித்துவிட்டு மூடும் அளவுக்கு இருந்தால் போதும் என்றால் 60 வைக்கலாம். அங்கே தேய்மானம் இன்னும் மெதுவாகும். இடையிடையே தூக்கிக்கொண்டு சந்திப்புகளுக்குப் போகிற பழக்கம் இருந்தால் 80. 100-லிருந்து 80-க்கு இறங்கினாலே உச்ச வோல்ட்டின் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் 75-ஆ 78-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண் வேலை.

வைக்கும்போது இரண்டு விஷயம் ஆளைக் குழப்பும். பேட்டரி ஏற்கனவே 100-ல் இருக்கும்போது வரம்பை இயக்கினால் பல மாடல்களில் அது தானாக 80-க்கு இறங்காது. பிளக்கில் இருக்கும் வரை 100-லேயேதான் கிடக்கும். ஒருமுறை பிளக்கை எடுத்து, 80-க்குக் கீழே இறங்கும் வரை பேட்டரியில் ஓட்டிவிட்டு மறுபடி மாட்ட வேண்டும். இது தெரியாமல் “வசதியை ஆன் செய்தேன், வேலையே செய்யவில்லை” என்று விட்டுவிடுகிறார்கள். மற்றது, மாதக்கணக்கில் ஒரே அளவில் நின்றால் சதவீதத்தைக் கணக்கிடும் சில்லுக்குக் கணக்கு தப்பும். 40 என்று காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று அணைந்துபோகும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 100 வரை ஏற்றி, 10 அருகே வரை இறக்கி, மறுபடி ஏற்றினால் கணக்கு சரியாகிவிடும். இது பேட்டரியின் உடல்நலத்துக்கு அல்ல, காட்டும் எண்ணைத் திருத்துவதற்கு. வாரம் தவறாமல் செய்யத் தேவையில்லை.

கையால் கழற்றி மாட்டுவது

80 ஆனதும் பிடுங்குவது, 20 ஆனதும் மாட்டுவது. ஒழுக்கமானவர்களின் வழி. 20-80 என்ற எல்லையில் தவறு ஒன்றும் இல்லை. கைபேசிக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பக்கத்திலேயே பிளக் இருக்கும் லேப்டாப்புக்கு இதைச் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

60 வாட்-அவர் பேட்டரி. சாதாரண வேலையில் லேப்டாப் 12 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 80-லிருந்து 20-க்கு இறங்க 36 வாட்-அவர், அதாவது 3 மணி நேரம். மறுபடி 80-க்கு ஏற ஒன்றேகால் மணி நேரம். எட்டரை மணி நேர வேலை நாளில் இப்படி இரண்டு சுற்று. ஒவ்வொன்றும் 60 சதவீதம் என்பதால் நாளுக்கு 1.2 முழு சைக்கிள். ஆண்டுக்கு 250 வேலை நாள் என்றால் 300 சைக்கிள். ஆப்பிள் தன் மேக்புக் பேட்டரிகளில் பெரும்பாலானவற்றுக்குக் குறிக்கும் எல்லை 1000 சைக்கிள். அந்தக் கணக்கில் மூன்றே கால் ஆண்டு. சாதாரணமாக 300 முதல் 500 முழு சைக்கிள் என்று சொல்லப்படும் பேட்டரியாக இருந்தால் இன்னும் முன்னதாகவே எல்லை வரும். பாதி பாதியாக ஏற்றி இறக்கினால் தேய்மானம் முழு சைக்கிளைவிடக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆகவே நிஜத்தில் இவ்வளவு மோசம் இருக்காது. இருந்தாலும் வரம்பு வைத்துப் பிளக்கில் விட்டிருந்தால் இந்த 300-ல் ஏறக்குறைய ஒன்றுகூடச் செலவாகியிருக்காது. வயதால் வரும் தேய்மானத்துக்குப் பயந்து உழைப்புத் தேய்மானத்தை விலை கொடுத்து வாங்குவதுதான் இதில் நடக்கிறது.

அப்புறம், மனித மறதி. 80-ல் பிடுங்க நினைத்தவர் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து எழும்போது 100. 20-ல் மாட்ட நினைத்தவருக்கு 4 சதவீதத்தில் திரை அணைகிறது. யூஎஸ்பி-சி துளைக்கு 10,000 முறை செருகி எடுக்கும் வரை தாங்க வேண்டும் என்று தரநிர்ணயம் இருப்பதால் அது தேய்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஆனால் வயரோடு சேர்த்து லேப்டாப்பை இழுத்துப் பக்கவாட்டில் வளைத்து ஆட்டம் காண வைப்பது அன்றாடம் நடப்பது. அந்தத் துளை பல மாடல்களில் மதர்போர்டிலேயே ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பேட்டரியைக் காப்பாற்றப் போய் மதர்போர்டில் கைவைக்கும்படி ஆகலாம்.

வரம்பு வசதி இல்லாத பழைய லேப்டாப்புக்கு மட்டும் இதன் மென்மையான வடிவம் பொருந்தும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கணினியே பார்த்துக்கொள்வது

மேக்ஓஎஸ் கேட்டலினா 10.15.5 பதிப்பில், 2020-ல், ஆப்பிள் பேட்டரி ஆரோக்கிய மேலாண்மையைக் கொண்டுவந்தது. சூட்டையும் சார்ஜ் பழக்கத்தையும் பார்த்து உச்ச சார்ஜைத் தானே குறைத்துக்கொள்ளும். அதே ஆண்டு பிக் சர் பதிப்பில் வந்த மேம்படுத்திய சார்ஜிங், நம் வழக்கத்தைக் கற்றுக்கொண்டு 80-ல் நிறுத்திவைத்து, நாம் கிளம்பும் நேரத்துக்கு முன் மீதியை ஏற்றும். டெல்லின் ‘அடாப்டிவ்’, சர்ஃபேஸின் ஸ்மார்ட் சார்ஜிங் எல்லாம் இதே குடும்பம்.

தினமும் ஒரே நேரத்தில் வேலை, ஒரே நேரத்தில் கிளம்புதல் என்று இருப்பவருக்கு இது அழகாக வேலை செய்கிறது. நேரங்கெட்ட நேரத்தில் வேலை பார்ப்பவரிடம் கற்றுக்கொள்ள அதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை. பெரும்பாலும் 100-க்கே ஏற்றிவிடும். 100-லேயே விடுவதைவிட மேல், நாமே வரம்பு வைப்பதைவிடக் கீழ் என்று வைத்துக்கொள்ளலாம். மேக்கில் எண்ணை நாமே வைக்க விரும்புபவர்கள் ஆல்டென்டே போன்ற செயலிகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

பேட்டரியைக் கழற்றி வைப்பது

அடியில் தாழ்ப்பாளை நகர்த்தினால் பேட்டரி கையோடு வரும் பழைய மாடல்களுக்கு மட்டும் இது பேசத் தகுந்தது. 40, 50 சதவீத சார்ஜில் கழற்றிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கும். லேப்டாப்தான் பாவம். மின்சாரம் ஒரு கணம் போனாலும் சேமிக்காத வேலை போய்விடும். சில மாடல்களில் உச்ச வேலையின்போது அடாப்டரோடு பேட்டரியும் கைகொடுப்பதால், அது இல்லையென்றால் பிராசஸர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கழற்றிய பேட்டரியை மறந்துவிட்டால் அது தானாக இறங்கி இறங்கி, ஒருநாள் மாட்டும்போது உயிரே இருக்காது. உள்ளே திருகி வைத்த பேட்டரியை இதற்காகப் பிரிக்கவே வேண்டாம்.

உங்கள் பேட்டரி எதனால் தேய்ந்தது என்று பார்க்கலாம்

தேர்வு செய்வதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையோடு ‘பேட்டரிரிப்போர்ட்’ என்ற தெரிவைக் கொடுத்தால் (powercfg /batteryreport) ஓர் அறிக்கை உருவாகும். அதில் மூன்று வரி போதும்: வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போதைய முழுச் சார்ஜ் கொள்ளளவு, சைக்கிள் எண்ணிக்கை. மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனுக்குள் பவர் என்ற பகுதியில் சைக்கிள் எண்ணிக்கையும் பேட்டரியின் நிலையும் இருக்கும்.

வடிவமைப்பு 60,000 மில்லிவாட்-அவர், இப்போது 45,000 என்றால் முக்கால் பங்கு மிச்சம். இனி சைக்கிளைப் பாருங்கள். அது 40 என்று இருந்தால் இந்தப் பேட்டரி உழைத்துத் தேயவில்லை, உட்கார்ந்தே தேய்ந்திருக்கிறது. முழு சார்ஜும் சூடும்தான் காரணம், வரம்பு வைத்தால் கண்கூடாகப் பலன் இருக்கும். அதே 45,000-க்கு எதிரே சைக்கிள் 600 என்று இருந்தால் அது நியாயமான தேய்மானம். நன்றாக உழைத்திருக்கிறது, வரம்பு வைத்துப் பெரிதாக ஆகப்போவது இல்லை. கொள்ளளவு எண் ஓரிரு சதவீதம் ஏறி இறங்கிக் காட்டுவது சகஜம். நேற்றைவிட இன்று குறைந்துவிட்டதே என்று தினமும் பார்த்துக் கவலைப்படுபவர்களும் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை பார்த்தால் தாராளம்.

அறிக்கையில் வராத ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். டச்பேட் அழுத்தும்போது முன்போல் “டிக்” என்று இறங்காமல் கெட்டியாக நிற்கிறதா, அதன் ஒரு விளிம்பு மட்டும் மேலே தூக்கியிருக்கிறதா, சமதளத்தில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா, மூடி முழுதாகச் சாத்த மறுக்கிறதா. இதில் ஏதாவது இருந்தால் பேட்டரி உப்பியிருக்கக் கூடும். அப்போது 80-ஆ 60-ஆ என்ற பேச்சுக்கே இடமில்லை. சார்ஜரை எடுத்துவிட்டு அணைத்து, அழுத்தாமல், குத்தாமல், சர்வீஸ் செய்பவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.

யாருக்கு எது

மேசையை விட்டு நகராதவர், வரம்பு வசதி இருக்கிறது: 60 அல்லது 80 வைத்து, பிளக்கை மறந்துவிடலாம். பாதி நாள் மேசை, பாதி நாள் வெளியே: 80 வைத்து, நீண்ட நாள் வெளியே இருக்கப்போகும்போது மட்டும் முந்தின இரவு 100. எந்நேரமும் வெளியே ஓடுபவர்: 100-க்கே ஏற்றிக்கொள்ளுங்கள், வாங்கியதே அதற்குத்தான், முழு சார்ஜோடு வெயிலில் நிற்கும் காருக்குள்ளும், அணைக்காமல் பைக்குள்ளும் மட்டும் வைக்காதீர்கள். கேம் ஆடுபவர், வீடியோ வேலை செய்பவர்: பிளக்கில் மாட்டித்தான் ஓட்ட வேண்டும், பேட்டரியில் ஓட்டினால் முழு வேகமும் வராது, ஆனால் வரம்பு மற்ற எல்லோரையும்விட உங்களுக்குத்தான் அவசரம், சூடு உங்களிடம்தான் அதிகம். காற்றுத் துளைகளில் அடைந்த தூசியைத் தட்டுவதும், பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பதும் அதற்கு இணையான வேலை செய்யும். லேப்டாப்பை வாரக்கணக்கில் உள்ளே வைத்துவிடப் போகிறவர்: பாதி சார்ஜில் முழுதாக அணைத்து வையுங்கள்.

வரம்பு வசதியே இல்லாத லேப்டாப் வைத்திருப்பவருக்கு நான் சொல்வது பிளக்கிலேயே விடுங்கள் என்பதுதான். சூட்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஓரிரு முறை, வேலைக்கு நடுவே, பிளக்கை எடுத்து 40, 50 வரை பேட்டரியில் ஓட்டிவிட்டு மாட்டுங்கள். அன்றைய வேலை முடியும் நேரம் பார்த்து இறக்கி, மறுநாள் காலை மாட்டினால் இரவு முழுக்க அது பாதி சார்ஜில் இருக்கும்; தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. விண்டோஸ் லேப்டாப் என்றால் அதற்கும் முன்னால் ஒருமுறை பயாஸுக்குள் நுழைந்து பார்த்துவிடுங்கள், பவர் அல்லது பேட்டரி என்ற தலைப்பின் கீழே. விண்டோஸுக்குள் எங்கு தேடியும் கிடைக்காத வரம்பு பல நேரம் அங்கேதான் இருக்கிறது.